அறைக்குள் வந்த ஆலமரம்

கண்டிமாநகருக்குத் தென்கிழக்கே, தலாத்துஓயாவுக்குச் செல்லும் வீதியில், ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் அமைந்துள்ளது அம்பிட்டிய என்னும் மலைச்சிற்றூர். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893ஆம் ஆண்டில் இந்திய, இலங்கை நாடுகளின் குருமாணவர்க்கென நிறுவிய குருமடம், 1955இற் பூனாவுக்குப் பெயர்ந்து செல்லும்வரை இவ்வூரிலேதான் இருந்தது. ஊரைப்பற்றி அயலார் அறிந்த செய்தி பெரும்பாலும் இவ்வளவே. ஆயின், அங்குள்ள மலைச்சரிவு வீடுகளுள் ஒன்றிற் புகுந்து பார்ப்பவர், எவரும் பெரிதாகக் கருதாத வேறொரு செய்தியைக் காண்பர். அகன்ற விறாந்தையைக் கடந்து முன்கூடத்துள் நுழைந்தால், மூலையிலே ஒரு பெரிய பூச்சாடி; அதில் ஆளுயரத்துக்கு வளர்ந்த ஒரு செடி. இலைகள் சிறியனவாய், நுனி கூர்ந்து, பளபளத்துத் தொங்கும். செடியென்று சொல்வது வழக்கே தவிர, உண்மையில் அது ஓர் ஆலமரத்தின் இனம். அடியிலே பத்துப் பதினைந்து உதிர்ந்த இலைகள் கிடக்கும். வீட்டுக்காரர் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவார். இலைகள் மேலும் உதிரும். குறை தண்ணீரில் இல்லை, வெளிச்சத்தில் உள்ளது.

அதே மரத்தை அதன் முழு உருவிற் காணவேண்டுமாயின் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. கண்டிக்கு மேற்கே சுமார் நான்கு மைலில் பேராதனைப் பூங்கா இருக்கின்றது. மூன்று புறமும் மகாவலி கங்கை வளைந்தோட, நடுவே அமைந்த நிலம் அது. கண்டியரசர் காலத்தில் அரச தோட்டமாக விளங்கிய அவ்விடத்தில் 1821ஆம் ஆண்டு அலெக்சாந்தர் மூன் என்பவர் தாவரவியற் பூங்காவைத் தொடங்கினார். அங்கே பெரும் புற்றரையில், யாவா ஆல் என்று வழங்கும் பைகஸ் பெஞ்சமினா, நூறாண்டைக் கடந்த முதுமையோடு, குடை விரித்தாற்போலக் கிளைபரப்பி நிற்கின்றது. அதன் நிழலில் ஒரு திருமண வீட்டாரின் விருந்தே நடக்கலாம். பூங்காவில் வேறோரிடத்தில், அசாம் நாட்டு இறப்பர் ஆல், நிலத்தின்மேல் மலைப்பாம்புக் கூட்டம் நெளிவதுபோல வேரோடி நிற்கின்றது. இவ்விரு மரங்களுந்தாம் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் கொழும்பிலும் அறைகளின் மூலையிற் சாடிகளில் அடங்கி நிற்பவை. புற்றரையில் நிற்பதும் அறையில் நிற்பதும் ஒரே இனமென்று சொன்னால், முதன்முறை கேட்பவர் எளிதில் நம்பமாட்டார்.

இவ்வளவு பெரிய மரம் அறைக்குள் எவ்வாறு உயிர்வாழ்கின்றது? அதற்கு விடை அதன் பிள்ளைப்பருவத்தில் உள்ளது. இவ்வகை ஆல்கள் பலவும் காட்டில் மண்ணிலே முளைப்பதில்லை. பறவை உண்டு எச்சமிட்ட விதை வேறொரு மரத்தின் கவட்டிலே தங்கி, அங்கே முளைத்து, மெல்ல மெல்ல வேரைக் கீழே இறக்குகின்றது. முழு வெயிலும் அற்ற, முழு இருளும் அற்ற இடம் அது. வேர் மண்ணைத் தொட்ட பின்னரே மரம் வீறுகொண்டெழுந்து, தனக்கு இடங்கொடுத்த மரத்தையே மூடிவிடுகின்றது. ஆகவே பொறுமையோடு மங்கிய ஒளியிற் காத்திருக்கும் பண்பு அதற்கு இயற்கையாகவே வாய்த்துள்ளது. ஆனால் காத்திருத்தல் வேறு, வாழ்தல் வேறு. மேலே வானம் என்றேனும் திறக்கும் என்ற நிலையிற் காத்திருக்கின்ற மரத்தைத்தான் மனிதர் ஒருபோதும் திறவாத கூரையின்கீழ்க் கொண்டுவந்து வைத்தனர்.

வெளிச்சத்தை அளந்து கொடுக்கும் கலை மேல்நாட்டார் கண்டுபிடித்தது என்று எண்ணுதல் தவறு. தமிழகத்தின் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெற்றிலைக்கொடி நேர்வெயிலைப் பொறாது. இலை மஞ்சளித்துத் தடித்துவிடும். முழு நிழலிலோ கொடி மெலிந்து நீளும், இலை தேறாது. எனவே முதலில் அகத்தியை விதைத்து, அது எழுந்தபின் கொடியை நட்டு, அகத்தியின் தலையைப் பருவத்துக்கேற்றபடி கழித்துவிடுவர். எந்த மாதத்தில் எவ்வளவு கழிப்பது என்பது கொடிக்காற்காரரின் கைப்பழக்கம். அளவுகருவி எதுவும் அவரிடம் இல்லை. இலையின் நிறமே அவருக்கு அளவுகோல்.

கண்டிப்பகுதி வீட்டுத் தோட்டங்களும் இதே அறிவின்மேல் எழுந்தவைதாம். மேலே தென்னையும் கமுகும், அவற்றின்கீழ்ப் பலாவும் மாவும், மரங்களைப் பற்றியேறும் மிளகு, இடையிலே கோப்பி, அடியிலே இஞ்சியும் மஞ்சளும் என அடுக்கடுக்காக அமைந்த தோட்டம் அது. அயலார் கண்ணுக்கு ஒழுங்கற்ற காடாகத் தோன்றும். உண்மையிலோ ஒவ்வோர் அடுக்குக்கும் தனக்குரிய பங்கு வெளிச்சம் கிடைக்கின்றது. அடர்ந்த வெப்பவலயக் காட்டில், உச்சியில் விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் தரையை அடையும். அந்த ஒரு பங்கிலே வாழக் கற்றுக்கொண்ட செடிகளும் உண்டு. கண்டித் தோட்டத்தின் கீழடுக்கு அவற்றுக்கு உரியது.

இத்தோட்டங்களில் நிழலில் வளர்ந்த கோப்பியை 1820களிலிருந்து ஆங்கிலத் துரைமார் வேறுவகையிற் பயிரிட்டனர். மலைக்காட்டை அடியோடு வெட்டி எரித்து, திறந்த வெயிலில் நிரைநிரையாக நட்டனர். ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து, காட்டுவழியே கால்நடையாக நடந்து, இம்மலைகளை அடைந்தது அந்தக் கோப்பிக்காகத்தான். 1869இல் இலையில் மஞ்சட் புள்ளியாகத் தோன்றிய துருநோய், ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அப்பயிரைத் துடைத்தெறிந்தது. வெயிலில் நட்டதுதான் நோய்க்குக் காரணமென்று சொல்லிவிடுதல் பொருந்தாது. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி நோயை ஆராய்ந்த ஹரி மார்ஷல் வோட், நோய் காளானால் உண்டாவது என்றும், இடையீடின்றி ஒரே பயிர் மலைமலையாகப் பரந்து கிடந்ததனாலேயே அது காற்றிற் பரவிற்று என்றும் விளக்கினார். ஆயினும், பலாவின் கீழே கோப்பியை வளர்த்த கண்டி உழவனிடம் துரைமார் கேட்டறியாத செய்திகள் சில இருந்தன என்பதை மறுக்க முடியாது. அந்தக் கோப்பிச் செடியே இன்று ஐரோப்பியக் கடைகளில், அறைக்குள் வளர்க்கத்தக்க பூச்சாடிச் செடியாக விற்கப்படுகின்றது.

ஐரோப்பாவிற் கதை வேறு வழியிற் சென்றது. அங்கே வெப்பநாட்டு மரங்களைக் காப்பதில் முதலில் எழுந்த கவலை குளிரைப்பற்றியதே. ஒளியைப்பற்றி எவரும் அவ்வளவாகச் சிந்திக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் மன்னரும் பிரபுக்களும் தோடைமரங்களைப் பெருஞ்சாடிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் உள்ளே வைப்பதற்கென நெடிய கட்டடங்களை எழுப்பினர். பிரான்சிலே பதினான்காம் லூயி மன்னனுக்காக வெர்சாய் அரண்மனையிற் கட்டப்பட்டது அவற்றுள் மிகப் புகழ்பெற்றது. தடித்த கற்சுவர், மூடிய கூரை, தென்புறத்தில் மட்டும் உயர்ந்த சாளரங்கள். மரங்கள் அங்கே வளரவில்லை. வசந்தம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. அது போதும் என்றிருந்தனர். கண்ணாடியும் மலிவான பொருளன்று. இங்கிலாந்தில் 1696ஆம் ஆண்டிலிருந்து சாளரங்களுக்கே வரி விதிக்கப்பட்டது. வரிக்கு அஞ்சிச் சாளரத்தைச் செங்கல்லால் அடைத்துவிட்டோர் பலர். கண்ணாடிமீதான வரி 1845இலும், சாளர வரி 1851இலும் நீங்கிய பின்னர்தான் வெளிச்சம் எளியவரின் வீட்டுக்குள்ளும் தாராளமாக நுழைந்தது. வெளிச்சத்தோடு செடியும் நுழைந்தது.

செடிக்கு ஒளி எதற்காக வேண்டும் என்பதை ஐயமின்றிக் காட்டியவர் ஒல்லாந்து நாட்டு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். 1779ஆம் ஆண்டுக் கோடையில், இலண்டனுக்கு அண்மையில் ஒரு நாட்டுப்புற வீட்டிலே தங்கி, ஐந்நூறுக்கு மேற்பட்ட சோதனைகளை அவர் செய்தார். நீரில் அமிழ்த்திய பச்சை இலைகள் வெயிலில் வைத்தபோது குமிழிகளை வெளியிட்டன, நிழலில் அது குறைந்தது, இருளில் நின்றது. வெப்பத்தால் அன்று, ஒளியால்தான் இது நிகழ்கின்றது என்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். பச்சையம் ஒளியின் துணைகொண்டு காபனீரொட்சைட்டையும் நீரையும் உணவாக்கி ஒட்சிசனை வெளியிடும் இச்செயலே பின்னர் ஒளித்தொகுப்பு எனப் பெயர்பெற்றது. இரவிலே செடிகள் காற்றைக் கெடுக்கின்றன என்றும் இங்கன்ஹவுஸ் எழுதினார். அது ஓரளவு மெய்யே, செடிகளும் சுவாசிக்கின்றன. ஆனால் ஓர் அறையில் ஒரு செடி விடும் காபனீரொட்சைட்டு, அங்கு உறங்கும் ஒரு மனிதர் விடுவதிற் சிறு பங்கும் ஆகாது. இருப்பினும் நோயாளியின் அறையிலிருந்து இரவிற் பூச்சாடிகளை வெளியேற்றும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைத்தது. இரவிற் புளியமரத்தடியிற் படுக்கலாகாது என்று தமிழ்ப் பாட்டிமார் சொல்வதும் இதற்கு உறவான அச்சமே. பேய் என்றனர் இங்கே. நச்சுக்காற்று என்றனர் அங்கே.

அடுத்த பெரும் மாற்றம் ஒரு போத்தலுக்குள் நிகழ்ந்தது. இலண்டனின் கிழக்குப் பகுதியில், ஆலைப் புகை சூழ்ந்த இடத்தில், நதானியல் பாக்ஷா வோட் என்னும் மருத்துவர் வாழ்ந்துவந்தார். மேலே கூறிய மார்ஷல் வோட் வேறு, இவர் வேறு. தமது தோட்டத்திற் பன்னச்செடிகள் புகையினால் மடிவதைக் கண்டு மனஞ்சலித்திருந்த அவர், 1829இல், கூட்டுப்புழு ஒன்று விட்டிலாக மாறுவதைப் பார்க்கவென்று, அதனை ஈரமண்ணோடு ஒரு போத்தலில் இட்டு மூடிவைத்தார். சில நாளில் அந்த மண்ணிலே ஒரு பன்னமும் ஒரு புல்லும் தாமாகவே முளைத்தன. வடக்கு நோக்கிய அறைச் சாளரத்தின் வெளியே வைத்த அப்போத்தலில், தண்ணீர் ஊற்றாமலே அவை ஆண்டுக்கணக்காக வாழ்ந்தன. பகலில் எழும் நீராவி கண்ணாடியிற் படிந்து இரவில் மண்ணுக்கே திரும்பிற்று. புகை உட்புகவில்லை. ஒளி மட்டும் புகுந்தது.

இதன் பயனை உணரவேண்டுமாயின் அக்காலக் கப்பற் பயணத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பிழைக்கின்றது என்று யோன் லிவிங்ஸ்தன் என்னும் மருத்துவர் 1819இற் கணக்கிட்டார். கப்பலின் மேற்றட்டில் வைத்தால் உப்புநீர்த் திவலை செடியைக் கொன்றது. நன்னீரோ மாலுமிகளுக்கே போதவில்லை. அடித்தட்டில் வைத்தால் உப்பு இல்லை. ஆனால் வெளிச்சமும் இல்லை. மாதக்கணக்கான இருளில் இலைகள் வெளிறி உதிர்ந்தன. எங்கே வைத்தாலும் சாவு என்ற இக்கட்டை வோட்டின் கண்ணாடிப் பெட்டி தீர்த்துவைத்தது. 1833இல் இரண்டு பெட்டிகள் இலண்டனிலிருந்து சிட்னிக்கு அனுப்பப்பட்டன. மேற்றட்டிலேயே நின்று, கடும் வெப்பத்தையும் கடுங்குளிரையும் கடந்து, செடிகள் பசுமையாகவே கரைசேர்ந்தன. திரும்பிவந்த பெட்டிகளில் அவுஸ்திரேலியச் செடிகள் இலண்டனை அடைந்தன. பெட்டியை அடித்தட்டுக்கு இறக்கலாகாது, மேற்றட்டில் வெளிச்சத்தில் வைக்கவேண்டும் என்பதே அதனைக் கையாள்வோர்க்கு இன்றியமையாத விதியாயிற்று.

பேராதனைக்கும் அப்பெட்டிகள் வந்தன. அவற்றுள் வரலாற்றை மாற்றியவை 1876இல் வந்த இறப்பர்ப் பெட்டிகள். பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த சுமார் 70,000 விதைகள் கியூ பூங்காவில் விதைக்கப்பட்டன. மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. முளைத்தவற்றுட் பெரும்பகுதி, 1,919 கன்றுகள், 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அப்போது பேராதனையின் பணிப்பாளராக இருந்தவர் துவைற்ஸ். மலைநாட்டின் தட்பவெப்பம் அவற்றுக்கு ஒவ்வாதென்று கருதி, கம்பகாவுக்கு அண்மையில் ஹெனரத்கொடையில் அவற்றுக்கென ஒரு பூங்கா அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் இலங்கையின் இறப்பர்த் தோட்டங்கள் யாவும் எழுந்தது, கண்ணாடி வழியாகப் பாய்ந்த வெளிச்சத்தில் உயிரோடிருந்த அந்தக் கன்றுகளின் வழியில்தான். ஒரு செடிக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற கேள்வி, ஓய்வுநேரப் பொழுதுபோக்காளரின் கேள்வியாக மட்டும் அன்று இருக்கவில்லை.

வெளிச்சம் குறைந்தால் மட்டுமன்றி மிகுந்தாலும் கேடுதான் என்று அஞ்சிய காலமும் உண்டு. 1844 தொடங்கி 1848 வரை கியூ பூங்காவிற் கட்டப்பட்ட பனைமனை, இரும்பாலும் கண்ணாடியாலும் ஆன மாபெரும் கட்டடம். வெப்பநாட்டுப் பனைகள் கண்ணாடி வழி வரும் வெயிலிற் கருகிவிடும் எனக் கருதி, ரொபேட் ஹன்ற் என்னும் அறிவியலாரின் யோசனைப்படி, செப்பு ஒட்சைட்டாற் பச்சைநிறமூட்டிய கண்ணாடி அதற்குப் பொருத்தப்பட்டது. இலண்டனின் வானத்தை அறிந்தவர்க்கு இது சிறிது நகைப்பாகவே தோன்றும். ஆலைப்புகை ஆண்டுக்காண்டு பெருகப் பெருக, உள்ளே வந்த ஒளி குறைந்துகொண்டே போயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியளவிற் பச்சைக் கண்ணாடி கைவிடப்பட்டு, நிறமற்ற கண்ணாடி வந்தது. இத்தனைக்கும் இலைக்கு மிகுதியாகப் பயன்படுவது சிவப்பும் நீலமுமான கதிர்களே. பச்சைக் கதிரிற் கணிசமான பங்கை இலை திருப்பியனுப்பிவிடுகின்றது. இலை பச்சையாகத் தோன்றுவதே அதனால்தான். பச்சைச் செடிக்குப் பச்சை வெளிச்சம் பொருந்தும் என்பது கேட்பதற்கு இனிய தவறு.

விக்டோரியா மகாராணியார் காலத்து இலண்டன் வீட்டுக் கூடமோ பனைமனையிலும் இருண்டது. கனத்த திரைகள், புகைபடிந்த சாளரம், மாலையில் எரியும் காஸ் விளக்கு. அவ்விடத்தில் எந்தச் செடியையும் பிழைக்கவைப்பது அரிது. சீனத்திலிருந்தும் யப்பானிலிருந்தும் வந்த அஸ்பிடிஸ்திரா என்னும் அகன்ற இலைச்செடி மட்டும் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நின்றது. அதனால் வீட்டுக்கு வீடு பரவிற்று. வார்ப்பிரும்புச் செடியென்றே அதற்குப் பெயர் வந்தது. இறப்பர் ஆலும் அதற்கு அடுத்தபடியாகத் தாக்குப்பிடித்தது. வெளிச்சத்தை மாற்ற மனமில்லாதவர்கள், வெளிச்சமின்மையைப் பொறுக்கும் செடியைத் தேடிக்கொண்டனர் எனலாம். அதிலும் தவறில்லை.

அறைச்செடி சாளரத்தின் பக்கமாகவே சாய்ந்து வளர்வதை எல்லாரும் கண்டிருந்தனர். ஏன் என்று தோண்டிப் பார்த்தவர் சார்ள்ஸ் டார்வின். மகன் பிரான்சிசின் துணையோடு அவர் செய்த சோதனைகள் 1880இல் நூலாக வெளிவந்தன. புல்லின் இளங்குருத்தின் நுனிக்கு ஒளிபுகாத சிறு தொப்பியை அணிவித்தபோது அது வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மூடியபோது வளைந்தது. ஒளியை உணர்வது நுனி, வளைவது அடி. நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழிறங்குகின்றது என்று அவர்கள் முடிவுசெய்தனர். அச்செய்தி ஒட்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் என்பது 1920களில் வெளிப்பட்டது. ஒளிபடாத பக்கத்தில் அது மிகுந்து, அந்தப் பக்கம் கூடுதலாக நீள, தண்டு ஒளியை நோக்கி வளைகின்றது. சாடியைச் சில கிழமைகளுக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைப்பவர், அறிந்தோ அறியாமலோ, டார்வினின் சோதனையைத்தான் மீண்டும் செய்கின்றார்.

அம்பிட்டிய வீட்டின் உதிர்ந்த இலைகளுக்கு நேரான விடை வந்தது மிகப் பிற்காலத்தில், அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து. 1960களுக்குப் பின்னர் அந்நாட்டில் அலுவலகங்களும் அங்காடிகளும் தம் கூடங்களிற் பெருஞ்செடிகளை வைக்கத் தொடங்கின. யாவா ஆலே எல்லாரும் விரும்பிய மரம். புளோரிடாவின் திறந்த வெயிலில் அவற்றை விரைவாகவும் செழிப்பாகவும் வளர்த்து விற்றனர். கூடத்துக்கு வந்த சில கிழமைக்குள் மரங்கள் இலைமுழுவதையும் கொட்டிவிட்டன. பணம் கொடுத்தவர் வெகுண்டனர். விற்றவர் தண்ணீரைக் குறைகூறினர். அப்பொப்கா என்னுமிடத்திலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் கொனோவர், பூல் என்னும் இருவர் 1970களில் இதனை ஆராய்ந்தனர். வெயிலில் உருவான இலையும் நிழலில் உருவான இலையும் ஒரே மரத்தினவாயினும் வேறுவேறு கருவிகள். வெயிலிலை தடித்தது, சிறியது. பேரொளியைச் செலவிடுவதற்கென அமைந்தது. தன்னைக் காத்துக்கொள்ளவே அதற்கு மிகுந்த உணவு வேண்டும். மங்கிய அறையில் அதன் வரவு செலவுக்குப் போதாது. மரம் அதனை உதிர்த்துவிடுகின்றது. நிழலிலை மெல்லியது, அகன்றது, செலவு குறைந்தது. விற்பதற்கு முன்னரே சில மாதம் நிழல்வலையின்கீழ் வைத்து, உரத்தையும் குறைத்தால், மரம் நிழலிலைகளை உண்டாக்கிக்கொள்ளும். அறைக்குட் சென்றபின் இலை உதிர்வது பெரிதும் குறையும். அகத்தியின் நிழலில் வெற்றிலை வளர்த்த உழவருக்கு இது புதுமையாக இருந்திராது.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் செய்தி புலப்படும். நாற்றுமேடையில் வெயிலில் நின்ற ஆலை வாங்கிவந்து நேரே கூடத்து மூலையில் வைத்தலாகாது. முதலில் விறாந்தையின் விளிம்பிலும், இரண்டு மூன்று கிழமை கழிந்தபின் விறாந்தையின் உட்புறத்திலும், அதன்பின் சாளரத்தருகிலும் என்று படிப்படியாக அழைத்துவரவேண்டும். வெளியே கொண்டுபோகும்போதும் அவ்வாறே. ஆண்டுக்கணக்காக அறையில் நின்ற மரத்துக்குக் காற்றும் வெயிலும் கிடைக்கட்டும் என்று இரக்கப்பட்டு ஒரே நாளில் முற்றத்தில் வைப்போர், மறுநாட் காலையில் வெந்த இலைகளையே காண்பர்.

அறையில் உள்ள வெளிச்சத்தை மதிப்பிடுவதில் மனிதரின் கண் நம்பத்தக்க சாட்சி அன்று. தெளிந்த நண்பகலில் வெளியே ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஒளி விழும். மேகம் மூடிய நாளில் அது பத்தில் ஒரு பங்காகலாம். சாளரத்தை ஒட்டினாற்போல் உள்ளே சில ஆயிரம். அறையின் நடுவே சில நூறு. மூலையிலே ஐம்பதோ நூறோ. வெளியுலகுக்கும் மூலைக்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு. ஆனால் கண்மணி விரிந்து சுருங்கி, எல்லாவற்றையும் ஓரளவு ஒன்றாகவே காட்டிவிடுகின்றது. நாளிதழ் வாசிக்கப் போதிய வெளிச்சத்தில் ஆல் பட்டினி கிடக்கும். ஆகையாற் கண்ணை நம்பாது நிழலை நம்புவது நன்று. பட்டப்பகலிற் செடி நிற்குமிடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையைப் பிடித்தால், நிழலின் விளிம்பு தெளிவாக விழுமாயின் வெளிச்சம் மிகுதி. விளிம்பு மங்கிய நிழலாயின் நடுத்தரம். நிழலே தோன்றாவிடின் அவ்விடம் பேராலுக்கு உரியதன்று. இன்னொரு வழியும் உண்டு. செடியின் இலை இருக்கும் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திச் சாளரத்தை நோக்கினால், எவ்வளவு வானம் தெரிகின்றதோ அவ்வளவே அச்செடிக்கு உணவு. சுவரும் எதிர்வீட்டுக் கூரையும் மட்டும் தெரியுமாயின், சாளரம் எவ்வளவு பெரிதாயினும் பயன் சிறிதே.

சாளரத்தின் திசையைப்பற்றி நூல்கள் சொல்வதைக் கண்டிப்பகுதியில் அப்படியே பின்பற்ற இயலாது. அந்நூல்கள் பெரும்பாலும் இலண்டன் போன்ற வடபுல நகரங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. தெற்குச் சாளரம் வெயிலுக்கு, வடக்குச் சாளரம் நிழலுக்கு என்று அவை கூறும். இலண்டனில் டிசெம்பர் மாத நண்பகற் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகை உயரத்திலேயே நிற்பதால், ஏழடி உயரச் சாளரத்தின் வழியே நுழையும் கதிர் அறைக்குள் இருபத்தாறு அடி தூரம் செல்லும். கண்டியோ பூமத்திய கோட்டிலிருந்து ஏழு பாகையும் சிறிதுமே வடக்கே உள்ளது. இங்கே டிசெம்பரிலும் சூரியன் ஏறக்குறைய 59 பாகை உயரத்தில் நிற்கும்; அதே சாளரத்தின் வழியே கதிர் நான்கடிக்குமேற் செல்லாது. மூன்றடி நீண்ட கூரை இறவாரம் இருப்பின், அதுவும் பெரும்பகுதி மறைக்கப்படும். வெளியே கண்கூசும் வெயிலிருக்க, உள்ளே செடி வாடுவதன் மருமம் இதுவே. மனிதருக்குக் குளிர்ச்சிதர எழுப்பிய இறவாரமும் விறாந்தையும் மரத்துக்கு இருளைத் தருகின்றன. உண்மையில் இங்கே அறைக்குள் நெடுந்தூரம் புகும் வெயில், காலையிற் கிழக்கிலிருந்தும் மாலையில் மேற்கிலிருந்தும் தாழ்ந்து வருவது மட்டுமே. அவற்றுள்ளும் காலைவெயிலே ஆலுக்கு உகந்தது. மாலைவெயிலில் வெப்பமும் கூடியிருக்கும். அம்பிட்டியவின் சில சரிவுகளில், மேற்கே ஹந்தானைத் தொடர் மறைப்பதால், அந்த மாலைவெயிலும் நேரத்தோடே விடைபெற்றுவிடுகின்றது.

இன்னொன்றும் உண்டு. கண்டியில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சியில் நிற்கும்: சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை முன்னதாக ஏப்பிரல் எட்டாந்தேதி அளவிலும், மீண்டும் செப்ரெம்பர் முதற் கிழமையிலும். இடைப்பட்ட ஐந்து மாதமும் நண்பகற் சூரியன் வடபாற் சாய்ந்தே செல்கின்றது. எசல பெரகராவுக்குக் கண்டியில் மக்கள் திரளும் காலத்தில், வெயில் படுவது வீட்டின் வடக்குச் சுவரில். தெற்குச் சுவர் நிழலில். அந்த மாதங்களிலேயே தென்மேற்குப் பருவக்காற்றின் மேகமும் வானத்தை அடிக்கடி மூடுவதால், வடக்கு விறாந்தையில் விழும் வெயில் இலையைச் சுடும் அளவுக்குப் பெரும்பாலும் கடுமையாவதில்லை. செப்ரெம்பர் கழிந்தபின் வெயில் தெற்குப் பக்கம் திரும்பும். ஆகவே மலைச்சரிவு வீட்டுக்காரர், புத்தாண்டுக்கு வீட்டைக் கழுவித் துடைக்கும்போதே ஆற்சாடியையும் வடக்குச் சாளரத்தருகே நகர்த்தி, இலைகளிற் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பெரகரா முடிந்து யானைகள் ஊர்திரும்பியதும் அதனைத் தெற்குச் சாளரத்துக்கு மெல்லத் திருப்பி வைக்கலாம். கனத்த சாடியாயின் இருவர் வேண்டும்.